ரெண்டு பேருக்கு ஒரு வாசல்: மினி கூப்பர் இன்ஜினைத் திட்டுவதற்கு முன்

பழைய மினி கூப்பரின் இன்ஜினைத் திட்டுவது ரொம்ப சுலபம். நாலு சிலிண்டர். ஆனால் காற்றும் பெட்ரோலும் உள்ளே போக ரெண்டே துளை, புகை வெளியே வர மூணு துளை. "எவன்யா இதை டிசைன் பண்ணினது?" என்று கேட்கத் தோன்றும். நானும் கேட்டிருக்கிறேன். அந்தக் கேள்வியைப் பாதி வாபஸ் வாங்கிக்கொள்ளத்தான் இந்தக் குறிப்பு.

முதலில் கேட்டது மினியைப் பார்த்து அல்ல. மெக்கானிக்கல் படித்துக்கொண்டிருந்தபோது எங்கள் தெரு ஒர்க்‌ஷாப்பில் ஒரு பழைய அம்பாசடரின் ஹெட்டைக் கழற்றி வைத்திருந்தார்கள். 1489 சிசி, பிஎம்சி பி-சீரிஸ். மினியில் இருக்கும் ஏ-சீரிஸுக்கு அண்ணன் மாதிரி. துளைக் கணக்கும் அதேதான். மெக்கானிக் அண்ணனிடம் கேட்டேன். கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "ரெண்டு பேருக்கு ஒரு வாசல் தம்பி. ஒருத்தன் போகும்போது இன்னொருத்தன் இடிக்கத்தான் செய்வான்." பரீட்சைக்குப் படித்த எதையும்விட அது சரியான விளக்கம் என்று புரிய எனக்கு இருபது வருஷம் ஆனது.

ஏ-சீரிஸ் 1951-ல் ஆஸ்டின் ஏ30 காரில் வந்தது, வெறும் 803 சிசி. சிக்கனமான குடும்பக் காருக்கான சிக்கனமான இன்ஜின். ஹெட்டை வடிவமைத்தவர் ஹாரி வெஸ்லேக். கேம்ஷாஃப்டும் எட்டு புஷ்ராடுகளும் துளைகள் இருக்கும் அதே பக்கத்தில். அத்தனை கம்பிகளுக்கு நடுவே எட்டுத் தனித்தனி வழிகளை அந்தச் சின்ன வார்ப்பில் நுழைப்பது கஷ்டம், செலவும் அதிகம். பக்கத்து சிலிண்டர்களை ஜோடி சேர்த்தால் ஐந்து வழி போதும். 803 சிசி காருக்கு அது நல்ல முடிவு. முட்டாள்தனம் இல்லை.

சிக்கல் அப்புறம்தான். 1959-ல் அலெக் இசிகோனிஸ் இதே இன்ஜினைக் குறுக்கே திருப்பி மினிக்குள் வைத்தார், 848 சிசி, 34 குதிரைத்திறன். 1961-ல் கூப்பர், ரெண்டு எஸ்யூ கார்புரேட்டர், 55 குதிரைத்திறன். 1963-ல் கூப்பர் எஸ். அடுத்த வருஷமே மான்டே கார்லோ ராலியில் பேடி ஹாப்கர்க் ஜெயிக்கிறார். சிக்கனத்துக்காகச் செய்த இன்ஜினிடம் இப்போது வேகம் கேட்கிறோம். பழைய முடிவு இங்கேதான் உதைக்கிறது.

எப்படி உதைக்கிறது? சிலிண்டர்கள் வெடிக்கும் வரிசை 1-3-4-2. ஒரு வாசலைப் பங்கு போடுபவர்கள் 1-ம் 2-ம். இன்னொன்றை 3-ம் 4-ம். வரிசையைப் பாருங்கள். 3 இழுத்ததும் அடுத்து 4. 2 இழுத்ததும் அடுத்து 1. ஒவ்வொரு ஜோடியிலும் உள்ளே இருப்பவர் முதலில் இழுக்கிறார், அவருடைய வால்வு மூடி முடிவதற்குள் வெளியே இருப்பவர் இழுக்க ஆரம்பிக்கிறார். உள்ளே இருப்பவருக்குக் கடைசியில் கிடைக்க வேண்டிய கலவையில் கொஞ்சம் திருட்டுப் போகிறது. பிறகு அந்த வாசலில் நீண்ட நேரம் யாரும் இல்லை. மென்பொருள்காரர்களுக்கு இது பழக்கமான வியாதி: ரெண்டு த்ரெட், ஒரே ரிசோர்ஸ், தவறான நேரம்.

இப்போது, மாற்றியமைப்பவர்கள் இதை எப்படி வாசித்தார்கள் என்பதுதான் என் விமர்சனம். மூணு வகையாகப் பிரிக்கலாம்.

முதல் வகை: பெருசு பண்ணினால் சரியாகும் என்பவர்கள். இதில் தொழிற்சாலையும் சேர்த்தி. முதல் கூப்பரின் 997 சிசி எப்படி வந்தது? போர் 62.4 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் 81.3. கொள்ளளவு கூடியது, கூடவே பிஸ்டன் ஓட வேண்டிய தூரமும் கூடியது. 1964-ல் அதைக் கைவிட்டு 64.6-க்கு 76.2 என்ற 998 சிசிக்குப் போனார்கள். திறன் அதே 55தான், ஆனால் கஷ்டப்படாமல் சுற்றும் இன்ஜின். இன்றைய ரசிகர்கள் செய்யும் தவறும் இதே ரகம். 1275-ன் பெரிய ஹெட்டை (12ஜி940 என்று வார்த்திருக்கும்) 998 பிளாக்கில் அப்படியே மாட்டினால் எக்ஸாஸ்ட் வால்வு பிளாக்கிலேயே முட்டும். பிளாக்கில் குழி எடுக்க வேண்டும், இல்லையென்றால் வால்வு திறக்கும் அளவைக் குறைக்க வேண்டும். இன்னொரு ஆசை, நீண்ட நேரம் வால்வைத் திறந்து வைக்கும் ரேஸ் கேம். தனித்தனி வாசல் உள்ள இன்ஜினில் அதற்குப் பலன் உண்டு. இங்கே அது திருட்டுக்குக் கூடுதல் நேரம் கொடுக்கிறது.

ரெண்டாவது வகை எனக்குப் பிடித்தவர்கள்: குறையை ஒப்புக்கொண்டு அதோடு வேலை செய்பவர்கள். கூப்பர் எஸ் பிளாக் நல்ல உதாரணம். 70.6 மில்லிமீட்டர் போர் வேண்டும், பிளாக்கை நீட்ட இடமில்லை. வெளி சிலிண்டர்களை இன்னும் வெளியே தள்ளி, உள் ரெண்டையும் நெருக்கி வைத்தார்கள். பிற்காலத்தில் டேவிட் விசார்ட் போன்றவர்கள் முன்வைத்த 'ஸ்கேட்டர்' கேமும் இதே மனசுதான்: உள் சிலிண்டர்களுக்கு ஒரு வால்வு நேரம், வெளி சிலிண்டர்களுக்கு வேறொன்று. நாலு பேரும் சமம் என்ற பொய்யை அது விட்டுவிடுகிறது. மெகாஸ்குவிர்ட் என்ற, நாமே பூட்டிக்கொள்ளும் கட்டுப்பாட்டுக் கருவியில் இந்த ஜோடி வாசலுக்கென்றே எழுதிய நிரல் உண்டு. ஒரே வாசலில் யாருடைய முறையோ அந்த நேரம் பார்த்து அவருக்கான பெட்ரோலைத் தெளிக்கும். 1951-ன் இரும்பை மாற்றாமல் அதன் வரிசையை மதிக்கும் மென்பொருள். இதைப் படித்த அன்று நான் ரொம்ப நேரம் தூங்கவில்லை.

மூணாவது வகை ஹெட்டையே தூக்கிப் போடுபவர்கள். அறுபதுகளிலேயே ஆர்டன் எட்டுத் துளை ஹெட் இருந்தது. இன்று பிஎம்டபிள்யூ கே-சீரிஸ் மோட்டார் சைக்கிளின் பதினாறு வால்வு ஹெட்டை வெட்டி ஒட்டுகிறார்கள். அபாரமான கைவேலை, கேலி பண்ண மாட்டேன். ஆனால் அதன் அடியில் இருப்பது இன்னமும் மூணே மெயின் பேரிங் உள்ள கிராங்க். மினியில் கியர்பாக்ஸும் இன்ஜினும் ஒரே எண்ணெயைக் குடிக்கின்றன. பல் தேய்ந்து உதிரும் துகள் பேரிங்குக்கு மேலே போகிற அதே எண்ணெயில்தான் விழுகிறது. மேல்மாடியை மாற்றி எழுதினால் அஸ்திவாரம் தானாகப் புதுசாகாது.

இது எனக்குச் சொந்தக் கதையும்கூட. சில வருஷங்களுக்கு முன் ஒரு பழைய பில்லிங் நிரலில் காரணமே இல்லாத மாதிரி ஒரு சின்ன காத்திருப்பு இருந்தது. "எவன்யா இதை எழுதினது?" என்று சொல்லி நீக்கினேன். அன்றிரவு ரெண்டு வேலைகள் ஒரே கோப்பில் மோதி, காலையில் ஏராளமான பில்கள் தப்பு. முன்னால் எழுதியவர் முட்டாள் இல்லை. காரணத்தை எழுதி வைக்காததுதான் அவர் குறை. அதைத் தேடாதது என் குறை.

ஆனால் நான் பழைய வரியைத் திரும்பப் போட்டுவிட்டேன். இரும்பில் அந்த வசதி இல்லை. அரைத்த ஹெட் அரைத்ததுதான். ஏ-சீரிஸ் உற்பத்தி 2000-ல் மினியோடு முடிந்துவிட்டது. கூப்பர் எஸ் பிளாக்குகளோ அதற்கு வெகு முன்பே. ஆர்வக்கோளாறில் ஒருவர் கெடுக்கும் ஒவ்வொன்றும் உலகத்தில் ஒன்று குறைவதுதான்.

அதனால் யாராவது கையில் இப்படி ஒரு இன்ஜின் கிடைத்தால், என் யோசனை சாதுவானது. முதலில் நாலு சிலிண்டரின் கம்ப்ரஷனை அளந்து எழுதுங்கள். வால்வு இடைவெளி, இக்னிஷன் டைமிங் சரி பாருங்கள். ஒரு தடவைக்கு ஒரு மாற்றம் மட்டும். எக்ஸாஸ்டையும் ஃபில்டரையும் மாற்றினால் எஸ்யூவின் ஊசியையும் மறுபடி பாருங்கள், கலவை மாறியிருக்கும். குதிரைத்திறன் எண்ணை மட்டும் காட்டி முடியும் எந்தக் கட்டுரையையும் பாதி நம்புங்கள். பாதி மிதியில், மூணாவது கியரில், சந்தையைத் தாண்டிப் போகும்போது கார் எப்படி ஓடுகிறது என்று அது சொல்லியிருக்கிறதா பாருங்கள்.

என் பழைய கேள்வியில் பாதியை இன்னும் வைத்திருக்கிறேன். வாசலை ரெண்டாகக் குறைத்தவர்மேல் எனக்கு இப்போது கோபமில்லை. வேகம் விற்க ஆரம்பித்த பிறகும், கடைசி மினி வரைக்கும் அதே ஐந்து துளை ஹெட்டையே வார்த்துக்கொண்டிருந்தார்களே, அவர்களிடம் கேட்க இன்னும் இருக்கிறது.