விழுந்த பிறகுதான் ஆட்டம்

ரக்பி லீக் கிளப்பான செயின்ட் ஹெலன்ஸின் ரசிகர்கள் இரண்டு பேர் சேர்ந்தால், பேச்சு எங்கே தொடங்கினாலும் ப்ராப்பில்தான், அதாவது முன்வரிசையில் மோதி ஓடும் ஃபார்வர்டில்தான், வந்து நிற்கும். அடுத்த சீசனுக்கு யாரை எடுக்கலாம், வெளிநாட்டுக் கோட்டாவில் இடம் இருக்கிறதா, சாலரி கேப் தாங்குமா, ஆஸ்திரேலியாவிலிருந்து ஒரு பெரிய பெயரைக் கொண்டுவந்தால் என்ன? இந்த வழக்கு ஓய்ந்ததே இல்லை. இதில் என் கட்சி மாறாதது: நம் ப்ராப் அலெக்ஸ் வாம்ஸ்லியை அளவுகோலாக வையுங்கள். அதில் பாதிக்காவது வருகிற ஆள் கிடைத்தால் எடுங்கள். கிடைக்கவில்லையென்றால் காசைப் பெட்டியிலேயே வைத்திருங்கள்.

ஆறடி ஐந்தங்குல மனிதர் முழு ஓட்டத்தில் வந்து இடிக்கும்போது மொத்த ஸ்டாண்டும் எழுந்து கத்தும். நான் காத்திருப்பது அதற்கு அடுத்த கணத்துக்கு. கிக்-ஆஃப் பந்தை வாங்கிக்கொண்டு வருகிறார். மூன்று பேர் பிடிக்கிறார்கள். ஒருவன் இடுப்பில், ஒருவன் பந்தின் மேல், மூன்றாமவன் முதுகில் தொங்கியபடி அவரை மல்லாத்தப் பார்க்கிறான். மல்லாத்திவிட்டால் போதும், தடுப்பு வரிசை மூச்சு வாங்கிக்கொண்டு நிதானமாகப் பின்வாங்கி நின்றுவிடும். வாம்ஸ்லி அதற்கு விடமாட்டார். சாயும்போதே தோளைத் திருப்பி, வயிறு தரையைப் பார்க்க, முழங்கையும் முழங்காலும் முதலில் ஊன்றும்படி விழுவார். அப்படி விழுந்தவரை அமுக்கிப் பிடிப்பது கடினம். அதிக நேரம் பிடித்தால் விசில் வந்துவிடும். அவர் எழுந்து பந்தைக் காலால் பின்னுக்குத் தள்ளும்போது எதிரே மார்க்கர் இன்னும் நேராகி நின்றிருக்க மாட்டான். அதற்குள் டம்மி-ஹாஃபில் நிற்கும் ஹூக்கர் ஜேம்ஸ் ரோபி பந்தை அள்ளிக்கொண்டு கிளம்பியிருப்பார்.

அவர்கள் சேர்ந்து ஆடிய நாட்களின் புகழெல்லாம் ரோபியைச் சேர்ந்தது என்று சொல்கிற நண்பர்கள் எனக்கு உண்டு. கிளப்புக்காக அதிக ஆட்டங்கள் ஆடிய கெல் காஸ்லட்டின் 531 ஆட்டச் சாதனையை 2023-ல் தாண்டிய மனிதருக்கு எந்தப் புகழும் அதிகமில்லை. ஆனாலும் ஹூக்கர் ஓடுவதற்கு இடைவெளியை உண்டாக்கித் தருவது யார் என்று ஒரு செட்டையாவது பின்னோக்கிப் பார்க்கச் சொல்வேன். முதல் டேக்கிளில் வாம்ஸ்லி, இரண்டாவதில் ரோபியின் ஓட்டம், மூன்றாவதில் இன்னொரு ஃபார்வர்ட் தடுமாறும் வரிசைக்குள் நுழைவது. நாற்பது மீட்டர் இப்படித்தான் வந்தது. கடைசிக் கிக்கை அடித்த ஹாஃப்-பேக்கின் பெயர்தான் மறுநாள் செய்தியில் இருக்கும்.

இன்னொரு தரப்பு இருக்கிறது. ப்ராப் என்றால் கையில் பாஸ் இருக்க வேண்டும் என்பார்கள். அவர்களுக்கு ஜேம்ஸ் கிரஹாம்தான் தெய்வம். அவர்களோடு நான் உரத்துச் சண்டை போடுவதில்லை. பழைய நோஸ்லி ரோடு மைதானத்தின் படிகளில் நின்று கிரஹாமைப் பார்த்தவன் நான். தடுப்பு வரிசையின் மூக்குக்கு நேரே போய், கடைசி நொடியில் பக்கத்து ஓட்டக்காரனுக்குப் பந்தை நழுவவிடும் நேர்த்தி அவருடையது. 2008-ல் சீசனின் சிறந்த ஆட்டக்காரருக்கான மேன் ஆஃப் ஸ்டீல் விருது கிடைத்தது அதற்குத்தான். அவர் இருந்தும் 2007 முதல் 2011 வரை தொடர்ந்து ஐந்து கிராண்ட் ஃபைனல்களில் தோற்றது நம் கிளப். அவர் ஆஸ்திரேலியாவின் கேன்டர்பரிக்குப் போய், கடைசியில் வீடு திரும்பி, 2020-ல் விகனை 8-4 என வென்ற இறுதி ஆட்டத்தோடு ஓய்வு பெற்றபோது கண் கலங்கியவர்களில் நானும் ஒருவன். அன்று ஹூட்டர் ஒலித்த பிறகு ஜாக் வெல்ஸ்பி பந்தின் மேல் பாய்ந்து போட்ட ட்ரையை யாரால் மறக்க முடியும்! ஆனால் பாஸ் போடும் ப்ராப்புக்கும் முதலில் பின்வாங்கிக்கொண்டிருக்கும் வரிசை ஒன்று வேண்டும். அந்த வரிசையைப் பின்வாங்கவைப்பவர்தான் எனக்கு முதல் ஆள்.

அந்த முதல் ஆள் எங்கிருந்து வந்தார் என்பதைக் கிளப்புகள் மறந்துவிட்டன. வாம்ஸ்லி எந்தப் பெரிய அகாடமியின் வார்ப்பும் அல்ல. டியூஸ்பரி செல்டிக்கில் அமெச்சூராக ஆடியவர். 2012-ல் இரண்டாம் டிவிஷனில் பாட்லிக்கு ஆடினார். அவர்களுடைய மவுன்ட் ப்ளெசன்ட் மைதானத்தின் சரிவு ஊரறிந்தது. ஒரு பாதி முழுக்க மேட்டை நோக்கிப் பந்தைச் சுமக்க வேண்டும். 2013-ல் செயின்ட் ஹெலன்ஸ் அவரை எடுத்தபோது வயது இருபத்திரண்டு. 2018-ல் கழுத்தெலும்பு முறிந்து அந்த சீசனே போயிற்று. மறு வருடம் திரும்பி வந்து, அதே நேர்கோட்டில், அதே வேகத்தில் மோதினார். கிளப் 2019 முதல் 2022 வரை நான்கு முறை தொடர்ந்து பட்டம் வென்றதன் அஸ்திவாரம் அந்த நடுக்களத்தில் இருந்தது.

இன்று நிலைமை என்ன? சூப்பர் லீக் கிளப்புக்குச் சம்பள வரம்பு 21 லட்சம் பவுண்டு. ஆஸ்திரேலியாவின் என்ஆர்எல் லீக்கில் வரம்பு அதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். ஆகவே நம் பையன்கள் பழுக்கும் நேரத்தில் அங்கே போகிறார்கள். அங்கே ஆடி முடித்தவர்கள் இங்கே வருகிறார்கள். 2019 கிராண்ட் ஃபைனலின் சிறந்த ஆட்டக்காரரான லூக் தாம்சன் நம் அகாடமியில் வளர்ந்தவர். கேன்டர்பரிக்குப் போனவர் 2024-ல் திரும்பியது விகனுக்கு. அந்த வலி இன்னும் ஆறவில்லை. மார்கன் நோல்ஸும் என்ஆர்எல்லின் டால்ஃபின்ஸுக்குப் போய்விட்டார். கர்ட்டிஸ் சைரோனன், சியோனே மடாவுட்டியா போல வந்த இடத்தைத் தம் ஊராக எண்ணி உழைத்தவர்களை நான் வணங்குகிறேன். ஆனால் வருகிறவர்கள் எல்லாரும் அப்படி அமைவதில்லை. முப்பத்து மூன்று வயது முழங்காலுக்கு மூன்று வருட ஒப்பந்தம் எழுதுவதைக் கண்டால் வயிறு எரிகிறது.

ஆட்டத்தின் தரமும் நழுவுகிறது. டேக்கிளுக்குப் பிறகு பந்தைக் காலால் பின்னுக்குத் தள்ளும் பிளே-தி-பாலில் காலைப் பந்தில் வைப்பதே அபூர்வமாகிவிட்டது. இரண்டு கால்களுக்கு நடுவே உருட்டிவிட்டு ஓடுகிறார்கள், நடுவர் பார்த்துக்கொண்டிருக்கிறார். ஒழுங்காக எழுந்து, ஒழுங்காகக் கால் வைத்து, அப்படியும் மற்றவர்களைவிட வேகமாக ஆடுவதற்கு ஒரு தேர்ச்சி வேண்டும்; அதற்கு மதிப்பில்லாமல் போய்விட்டது. பதின்மூன்றாம் எண் சட்டையும் அப்படித்தான். பால் ஸ்கல்தார்ப் 2001, 2002 என அடுத்தடுத்து மேன் ஆஃப் ஸ்டீல் வாங்கிய இடம் அது. விகனில் ஷான் ஓலாக்லின் ஆட்டத்தையே நடத்திய இடம். இப்போது அங்கே பெரும்பாலும் மூன்றாவது ப்ராப் ஒருவரை நிறுத்திவிடுகிறார்கள்.

இதற்கு என்னிடம் இருக்கும் யோசனை எளிது. ஒரு பெரிய பெயருக்குக் கொடுக்கும் பணத்தை மூன்று பேருக்குப் பிரியுங்கள். ஸ்கவுட்டுகளைப் பாட்லிக்கும் டியூஸ்பரிக்கும் ஃபெதர்ஸ்டனுக்கும் மழைக்கால ஞாயிற்றுக்கிழமைகளில் அனுப்புங்கள். ஹைலைட் வீடியோவை நம்பாதீர்கள், அதில் மோதல் மட்டும்தான் இருக்கும். எழுபதாவது நிமிடத்தில், தோற்றுக்கொண்டிருக்கும் அணியில், சேற்றில் விழுந்தவன் எப்படி எழுகிறான் என்று பார்க்கச் சொல்லுங்கள். மூன்றில் இருவர் தேறாமல் போகலாம். தேறுகிற ஒருவன் பத்து வருடம் ஆடுவான். கிளப் நிர்வாகம் கணக்குப் போட்டாலும் இதில் நஷ்டம் இல்லை.