வெளிச்சத்தை விட்டு வெக்கையை மறிப்பது

சண்டிலிப்பாயில் ஏப்பிரலிலும் ஓகஸ்ட் கடைசியிலும் சூரியன் நேர் உச்சிக்கு வரும். அந்த மத்தியான வெயிலைத் தாழ்வாரம் மறித்துவிடும். சரிந்து வரும் பின்னேர வெயில்தான் மேற்கு யன்னலால் அறைக்குள் இறங்கும். கிடுகுத் தட்டி கட்டினால் வெக்கையோடு வெளிச்சமும் போய்விடும். கண்ணாடியில் ஒட்டும் தெளிந்த பிலிமின் அருமை இங்கேதான். வெயிலின் சக்தியில் ஏறக்குறையப் பாதி, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர். நல்ல பிலிம் அதில் பெரும்பங்கை மறித்து, வெளிச்சத்தை உள்ளே விடுகிறது. முற்றத்து மாமரம் நிறம் மாறாமல் தெரிகிறது.

வாங்கும்போது, புற ஊதாவை 99 சதவீதம் தடுக்கும் என்ற வரியில் மயங்கவேண்டாம். வெயிலில் அது சிறு பங்குதான். மொத்த வெப்பத்தில் எவ்வளவு தடுக்கும், வெளிச்சம் எவ்வளவு விடும் என்ற இரண்டையும் கேளுங்கள். வெயில் தாழ்ந்ததும் யன்னலைத் திறந்து காற்றையும் விடுங்கள்.