யாருடைய தாக்கம்?

கிட்டார் வாசிக்கிற கூட்டத்தில் ஒருத்தர் பறை அடித்துவிட்டால் போதும், 'நாட்டுப்புறத் தாக்கம் கொண்ட ராக் இசை' என்று எழுதிவிடுகிறார்கள். தாக்கம்னா, யார் யாரைத் தாக்கினது? பறையை மட்டும் எடுத்துக்கொள்வார்கள். அடித்தவன் மேடைக்குக் கீழேதான் நிற்பான்.

2018 ஜனவரி 6 அன்று கீழ்ப்பாக்கத்தில் இது தலைகீழானது. மார்கழி இன்னும் முடியவில்லை. பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து 2017இல் உருவாக்கிய 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' முதன்முதலாக மேடையேறியது. 19 பேர். கோட்டு சூட்டில் நம்ம பசங்க. பாபாசாகேப் ஞாபகம் வராதவர் அங்கே இருந்திருக்க முடியாது. கூட்டத்தோடு கூட்டமாக நானும் நின்றேன்.

குழுவின் பெயர் அயோத்திதாசப் பண்டிதர் முன்வைத்த 'சாதியற்ற' என்கிற அடையாளத்திலிருந்து வந்தது. அவர் 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' பத்திரிகையைத் தொடங்கியது இராயப்பேட்டையில். அங்கிருந்து மியூசிக் அகாடமிக்கு நடந்தே போய்விடலாம். பண்டிதரின் சொல் எலக்ட்ரிக் கிட்டாரோடு மேடையேறத்தான் நூறு வருசத்துக்கு மேல் ஆகிவிட்டது.

இங்கே பறையும் சட்டியும் கட்டமோளமும் ஊறுகாய் இல்லை, சோறே அதுதான். இடஒதுக்கீட்டையும் மாட்டுக்கறியையும் பாடும்போது குரலில் கெஞ்சல் கிடையாது, விளக்கம் சொல்கிற பவ்யமும் கிடையாது. பாட்டுக்குச் சொந்தக்காரனே மைக்கைப் பிடித்தால் இப்படித்தான் இருக்கும்.

ஆனாலும் எனக்கு இரண்டு குறை உண்டு. ஒன்று, டிரம் செட். மரண கானா பாடுகிறவர் தாளத்துக்குக் கொஞ்சம் பின்னால் இழுத்துப் பாடுவார். செத்தவனை விட மனசில்லாத இழுவை அது. ராக்கின் நேரான அடி அந்த இழுவையை நிமிர்த்தி வரிசையில் நிற்க வைத்துவிடுகிறது. ஆட வைக்கிறது, சரி. அழ வைக்கிறதா?

இன்னொன்று இதைவிடப் பெரியது. 19 பேரில் பெண் ஒருத்தர்தான், இசைவாணி. ஆண்களின் பாட்டாகவே இருந்த கானாவை அவர் பாடியது சாதாரணக் காரியமில்லை. 2020இல் பிபிசி தன் நூறு பெண்கள் பட்டியலில் அவரைச் சேர்த்தது. ஆனால் நம் சாவு வீட்டில் ஆம்பளைகள் மட்டுமா பாடுகிறார்கள்? ஒப்பாரி யாருடையது? தெருவில் கேட்டதை மேடைக்குக் கொண்டுவந்தவர்கள் வீட்டுக்குள்ளே கேட்டதை விட்டுவிட்டார்களே.

மயிலாப்பூரை ஒட்டிய குப்பத்தில் எங்க பாட்டி செத்த ராத்திரி, வெளியே பந்தலில் விடிய விடிய கானா. உள்ளே பாட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்து அத்தைங்க மூணு பேரும் அவ பட்ட கடன், தின்ன அடி, சுமந்த மீன்கூடை எல்லாத்தையும் ராகம் போட்டுச் சொல்லிக்கிட்டிருந்தாங்க. மைக் செட்டுக்காரர் இழுத்த ஒயர் வாசப்படியோட நின்னுபோச்சு.