ஷார்ட் பண்ணி எரியவைத்தால் அது ரிப்பேரா? மலிவு குரோ லைட் பற்றி ஒரு விமர்சனக் குறிப்பு

எல்இடி ரிப்பேர் என்று தமிழில் தேடினால் வருகிற வீடியோக்களில் பெரும்பாலும் ஒரே வித்தைதான். மூடியைக் கழட்டு, நடுவில் கரும்புள்ளி விழுந்த எல்இடியைக் கண்டுபிடி, அதைச் சுரண்டி எடு, இரண்டு பேடையும் ஒரு சொட்டு ஈயத்தால் இணைத்துவிடு. ஸ்விட்சைப் போட்டால் லைட் எரியும். கீழே "சூப்பர் அண்ணா, எனக்கும் எரிஞ்சுது" என்று வரிசையாகக் கமெண்ட்.

வராண்டா பல்புக்கு இந்த வித்தை போதும், நான் குறை சொல்லவில்லை. ஆனால் இதையே செடி வளர்க்கும் லைட்டுக்கும் சிபாரிசு செய்கிறார்கள். அங்கேதான் என் ஆட்சேபம். வராண்டா பல்பு ஒரு நாளைக்கு நாலு மணி நேரம் எரியும். குரோ லைட் 14 மணி நேரம் எரியும், அதுவும் ஈர மண்ணுக்கும் ஸ்ப்ரே பாட்டிலுக்கும் ஒரு சாண் மேலே தொங்கிக்கொண்டு. "எந்த எல்இடி செத்தது" என்பது அங்கே சின்னக் கேள்வி. "அது ஏன் செத்தது" என்று கேட்காத ரிப்பேர் அடுத்த எல்இடியையும் சேர்த்துச் சாகடிக்கும்.

கணக்கு போட்டுப் பார்ப்போம். ஹோல்டரில் மாட்டுகிற மலிவு குரோ பல்புகளில் டிரைவர் என்று தனியாக எதுவும் இருக்காது. அலுமினியத் தட்டின் மேலேயே ஒரு பிரிட்ஜ், ஒரு சின்ன லீனியர் ஐசி, ஒன்றிரண்டு ரெசிஸ்டர், சுற்றிலும் எல்இடிகள். 18 வோல்ட் எல்இடி 15 இருந்தால் வரிசைக்கு 270 வோல்ட். மிச்ச வோல்டேஜை ஐசி வெப்பமாக்கித் தீர்க்கிறது. இதில் ஒரு எல்இடியை ஷார்ட் செய்தால் அந்த 18 வோல்ட்டும் ஐசி தலையில் விழும். 60 மில்லி ஆம்பியர் ஓடினால் கூடுதலாக ஒரு வாட். கேட்க அற்பமாக இருக்கும். ஆனால் அந்த ஐசி அரிசிமணி அளவுதான், எல்இடிகள் உட்கார்ந்திருக்கும் அதே தட்டில்தான் அதுவும் சுடுகிறது. இரண்டு ஷார்ட், மூன்று ஷார்ட் என்று போகப் போக, மீதமுள்ள எல்இடிகளுக்கு நாமே அடுப்பு மூட்டிக் கொடுக்கிறோம்.

பேனல் வகையில் நிலைமை இன்னும் மோசம். அங்கே 3 வோல்ட் எல்இடிகள் பல வரிசைகளாக, வரிசைகள் பக்கம்பக்கமாக இணைந்திருக்கும். ஒரு வரிசையில் ஒன்றை ஷார்ட் செய்தால் அந்த வரிசைக்கு வேண்டிய வோல்டேஜ் குறைகிறது. டிரைவர் தரும் கரண்டில் அது தன் பங்கைவிட அதிகமாக இழுத்துக்கொள்ளும். அடுத்த மாதம் அதே வரிசையில் இன்னொன்று போகும். "சைனா மால் சார், அப்படித்தான்" என்று முடித்துவிடுவோம். அதே வோல்டேஜ் உள்ள எல்இடியை மாற்றி வைப்பதே முறை. கிடைக்காவிட்டால் எல்லா வரிசையிலும் ஒவ்வொன்றை ஷார்ட் செய்யலாம். அசிங்கமான வழி, ஆனால் சுமை சமமாகும்.

சரி, முதல் எல்இடி ஏன் செத்தது? பெட்டியின் மேலே அச்சடித்த நம்பரால்தான் என்பேன். "1000 வாட்" என்று போட்ட பேனலை பிளக் மீட்டரில் வைத்துப் பாருங்கள், பெரும்பாலும் 100 வாட்டை ஒட்டித்தான் இழுக்கும். ஆயிரம் என்பது ஏதோ பழைய சோடியம் விளக்குக்கு "சமம்" என்ற கற்பனைக் கணக்கு. அந்த நூறு வாட்டையும் குறைந்த எண்ணிக்கை எல்இடிகளில், மெல்லிய தட்டில், உச்ச கரண்டில் பிழிந்து எடுக்கிறார்கள். எல்இடியின் எண்ணிக்கையை இரட்டிப்பாக்கிக் கரண்டைப் பாதியாக்கினால் வெளிச்சமும் கூடும், ஆயுளும் கூடும். விலையும் கூடும் என்பதால் அதைச் செய்ய மாட்டார்கள்.

கெப்பாசிட்டர் கதையும் இதேதான். 105 டிகிரியில் 2000 மணி நேரம் என்று எழுதிய எலக்ட்ரோலிடிக், ஒவ்வொரு 10 டிகிரி குறைவுக்கும் சுமார் இரு மடங்கு உழைக்கும். டிரைவர் பெட்டிக்குள் 85 டிகிரி என்றால் 8000 மணி நேரம். தினம் 14 மணி நேர லைட்டுக்கு வருடம் 5110 மணி நேரம் ஆகிறது. ஆக, ஒன்றரை வருடம். 65 டிகிரியில் வைத்திருந்தால் அதே கெப்பாசிட்டர் 32,000 மணி நேரம், ஆறு வருடத்துக்கு மேல். பொருள் ஒன்றுதான், 20 டிகிரி வித்தியாசம்.

எங்கள் பக்கத்துக்கு இதோடு உப்பும் உண்டு. கோவளத்திலிருந்து கல்பாக்கம் வரை கடலை ஒட்டி இருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை, ஜன்னல் கீலைப் பார்த்தாலே தெரியும். மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலின் கல்லையே உப்புக்காற்று அரிக்கிறது. தொல்லியல் துறை சவுக்கு நட்டு, கடல் பக்கம் கல் கொட்டி, காகிதக்கூழ் அப்பிக் கல்லிலிருந்து உப்பை உறிஞ்சி எடுத்துப் பராமரிக்க வேண்டியிருக்கிறது. கல்லுக்கே இந்தக் கதி என்றால் வெள்ளி முலாம் பூசிய எல்இடி கால்களுக்கு? சாதாரண உப்பு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதம் தாண்டினால் தானே நீரை இழுத்துக் கரைந்துவிடும். கடல் உப்பில் உள்ள மெக்னீசியம் குளோரைடு அதற்கும் ரொம்பக் குறைந்த ஈரத்திலேயே கரையும். அதனால் போர்டில் படிந்த உப்பு இரவெல்லாம் மெல்லிய உப்புநீர்ப் படலமாக இருக்கும். காலையில் டைமர் ஆன் ஆகும்போது அந்தப் படலத்தின் மேல்தான் 300 வோல்ட் வருகிறது.

இதற்கு வீடியோக்களில் சொல்லும் மருந்து: "சிலிக்கான் போட்டு அடைச்சிடுங்க." எந்த சிலிக்கான் என்று சொல்வதில்லை. வினிகர் வாடை வரும் பாத்ரூம் சிலிக்கான் காயும்போது அசிட்டிக் அமிலத்தை விடும், அதுவே செம்பை அரிக்கும். எல்இடியின் மஞ்சள் முகமும் பெரும்பாலும் சிலிக்கோன்தான். கண்ட ரசாயன ஆவியை அது உள்ளே இழுத்துக் கறுத்துப்போகும். வாடையில்லாத நியூட்ரல் வகை, அல்லது ரிச்சி ஸ்ட்ரீட்டில் கிடைக்கும் அக்ரிலிக் கோட்டிங் ஸ்ப்ரே, அதுவும் ஈயப் பற்றுகளிலும் டிரைவரிலும் மட்டும். எல்இடி முகத்தில் படக்கூடாது. அதற்கு முன் உப்பைத் துடைத்து எடுத்து, நன்றாகக் காயவிட வேண்டும். உப்பை உள்ளே வைத்து மூடினால் எதற்கு மூடுகிறோம்?

என் பார்வையில் உண்மையான ரிப்பேர் என்பது கரண்டைக் குறைப்பது. லீனியர் ஐசி போர்டில் ஐசிக்குப் பக்கத்திலுள்ள சின்ன ரெசிஸ்டர்தான் கரண்டைத் தீர்மானிக்கிறது. பல ஐசிகளில் கணக்கு எளிது: 0.6 வோல்ட்டை ஓமால் வகுக்கணும். 10 ஓம் என்றால் 60 மில்லி ஆம்பியர், 15 ஓம் என்றால் 40. பெரிய பேனலில் டிம்மர் திருகி இருந்தால் வேலையே இல்லை, வாங்கிய அன்றே 70 சதவீதத்தில் வைத்துவிட்டு மறந்துவிடலாம். கரண்டைக் குறைத்த அளவுக்கு வெளிச்சம் குறையாது, ஏனென்றால் குறைந்த கரண்டில் எல்இடியின் திறன் கூடுகிறது. வெளிச்சம் 75 சதவீதமாக இறங்கியது என்று வைத்துக்கொண்டாலும், 12 மணி நேரத்தை 16 ஆக்கினால் செடிக்கு ஒரு நாளில் கிடைக்கும் மொத்த ஒளி அதேதான். கீரை நாற்று, மைக்ரோகிரீன், துளசி இவற்றுக்கெல்லாம் இது தாராளமாக ஒத்துவரும்.

சாமந்திக்கு ஒத்துவராது. அது நீண்ட இரவு வேண்டும் செடி, மணி நேரத்தைக் கூட்டினால் பூக்காது. இதையே சாதகமாக்கி, ஓசூர் பக்கம் பாலிஹவுஸ் சாமந்தியில் இரவில் லைட் போட்டு மொட்டைத் தள்ளிவைக்கிறார்கள். அங்கே பராமரிப்பு எப்படி நடக்கிறது என்பதைத்தான் நம்ம பேனல் தயாரிப்பாளர்கள் பார்க்கவேண்டும். ஒயரில் வரிசையாக ஹோல்டர், ஹோல்டருக்கு ஒரு பல்பு. ஒன்று அணைந்தால் அதன் கீழே உள்ள செடிகள் மட்டும் முந்திக்கொண்டு மொட்டு வைக்கும், அதனால் உடனே கவனித்தாக வேண்டும். கவனித்தால் மாற்ற ஒரு நிமிடம், ஈயம் வேண்டாம், எலக்ட்ரீஷியன் வேண்டாம். ஹோல்டர் என்பது நூறு வருடத்துக்கு மேல் பழைய கண்டுபிடிப்பு, எல்இடி பேனல் அதைத் தூக்கி எறிந்துவிட்டது. 2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை ரிப்பேர் உரிமைக்குக் கமிட்டி போட்டபோது எடுத்துக்கொண்ட துறைகள் விவசாயக் கருவி, மொபைல், வீட்டுச் சாதனம், வாகனம். விளக்கை யாரும் பெயர் சொல்லிக் கேட்கவில்லை. உஜாலா திட்டத்தில் 2014-இல் 310 ரூபாயாக இருந்த கொள்முதல் விலை இரண்டு மூன்று வருடத்தில் 38 ரூபாய்க்கு இறங்கியது. பல்பு அந்த விலைக்கு வந்தபின் ரிப்பேர் பற்றி யார் பேசுவார்கள்? ஆனால் மூவாயிரம் ரூபாய் பேனலும் அதே மனநிலையில்தான் குப்பைக்குப் போகிறது.

வீடியோக்கள் மேல் எனக்கு உண்மையான கோபம் ஒன்று உண்டு. ஐசி போர்டு வகை எதிலும் மெயின்ஸிலிருந்து பிரிப்பே இல்லை. எரியும் போர்டில் விரல் பட்டால் அது நேரே கரண்ட் கம்பிதான். அதை மூடி இல்லாமல் மேஜையில் எரியவிட்டு, ஸ்க்ரூ டிரைவரால் ஒவ்வொரு எல்இடியாக ஷார்ட் செய்து "எது எரியுதுன்னு பாருங்க" என்று காட்டுகிறார்கள். மல்டிமீட்டரின் டையோடு மோடில் 3 வோல்ட் எல்இடியைப் பிளக்கைக் கழட்டிவிட்டே சோதிக்கலாம், 9, 18 வோல்ட் வகைக்கு நூறு இருநூறு ரூபாய் டெஸ்டர் கிடைக்கிறது. கெப்பாசிட்டரை டிஸ்சார்ஜ் பண்ணாமல் தொடாதீர்கள். உடைந்த டிஃப்யூசரை எடுத்துவிட்டு "வெளிச்சம் கூடும்" என்று வெறும் போர்டாகத் தொங்கவிடுவதைச் செடிக்கு மேல் செய்யவே கூடாது. அலுமினிய உடம்புள்ள பேனலுக்கு எர்த் பின் வேலை செய்கிற பிளக்கும், அந்த லைனில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபியும் வேண்டும். இது இல்லாத வீட்டில் குரோ லைட் வேண்டாம். செங்கல்பட்டு மாவட்டத்து மொட்டைமாடியில் வெயில் இலவசம், சதுர மீட்டருக்கு ஒரு நாளில் சுமார் 35 மோல் ஒளி. அந்த "1000 வாட்" பேனல் 14 மணி நேரம் எரிந்து, எல்லா ஒளியும் ஒரு சதுர மீட்டரில் விழுந்தாலும் பத்து மோலைத் தாண்டுவது கஷ்டம். இரண்டு மாத பில்லில் 80 யூனிட் வேறு. நாவலூர், கேளம்பாக்கம் அடுக்குமாடியில் எதிர் பிளாக்கின் நிழலில் இருப்பவர்களுக்கும், ஐப்பசி மழையில் நாற்று விடுகிறவர்களுக்கும் இது தேவைதான். மற்றவர்கள் முதலில் மாடிப்படி ஏறிப் பார்க்கலாம்.

கடைசியாகப் பராமரிப்பு. லைட் எரிகிறது என்பதாலேயே அது வேலை செய்கிறது என்று ஆகாது. வீட்டு விளக்குக்கு வெளிச்சம் 70 சதவீதமாகும் வரை ஆயுள் என்று கணக்கிடுவார்கள், செடி விளக்குகளுக்கு 90 சதவீதம்தான் அளவுகோல். கண் இந்தக் குறைவைக் காட்டாது. போனில் லக்ஸ் ஆப் போட்டு, மாதம் ஒருமுறை, அதே உயரத்தில், அதே இடத்தில் வைத்து, இரவில் மற்ற லைட்டை அணைத்துவிட்டு அளந்து எழுதி வையுங்கள். நம்பர் துல்லியமாக இருக்காது, போன மாதத்தோடு ஒப்பிடத்தான் அது. இறங்கினால் முதலில் லென்ஸைத் துடைத்துவிட்டு மறுபடி அளங்கள். பாதி நேரம் உப்பும் தூசியும்தான்.