டென்ஸ் அட்டவணையும் பெர்மிட் தாளும்

நெய்வேலி நகரியத்தின் டியூஷன் வீடுகளில் ஆங்கிலம் என்றால் முதலில் பன்னிரண்டு கட்டங்கள்தான். மேலே பிரசன்ட், பாஸ்ட், ஃபியூச்சர். பக்கவாட்டில் சிம்பிள், கன்டினியூவஸ், பெர்ஃபெக்ட், பெர்ஃபெக்ட் கன்டினியூவஸ். கட்டத்துக்கு ஒரு தமிழ் வினை. 'சாப்பிடுகிறேன்' என்று தொடங்கி 'சாப்பிட்டுக்கொண்டிருந்திருப்பேன்' வரை போகும். இந்தக் கடைசிச் சொல்லை யாராவது வாய்விட்டுச் சொல்லி நான் கேட்டதில்லை. அட்டவணை நிரம்ப வேண்டும் என்பதற்காகவே அது அங்கே நிற்கிறது.

இந்த முறையைக் கேலி செய்வது சுலபம். ஆனால் அது இத்தனை காலம் தாக்குப்பிடித்ததற்குக் காரணம் உண்டு. ஏ ஷிஃப்ட் முடிந்து வரும் தகப்பனுக்கு ஆங்கிலம் தெரியாவிட்டாலும் பிள்ளை எத்தனை கட்டம் முடித்திருக்கிறது என்று தெரியும். செலவு கிடையாது, ஒரு கரும்பலகை போதும். சொல்வரிசையைப் பொறுத்தவரை அது உண்மையாகவே வேலை செய்கிறது. தமிழில் வினை கடைசியில் வந்து உட்காரும். ஆங்கிலத்தில் எழுவாயை ஒட்டியே வந்துவிடும். 'ஐ டீ டிரிங்க்' என்று எழுதும் ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு 'எழுவாய், வினை, செயப்படுபொருள்' என்ற ஒரு வரிச் சூத்திரம் கொடுக்கும் தெளிவைப் பத்துக் கதைப் புத்தகங்கள் அவ்வளவு சீக்கிரம் கொடுத்துவிடாது.

கோளாறு பெர்ஃபெக்ட் கட்டத்தில் ஆரம்பிக்கிறது. 'வந்திருக்கிறார்' என்றால் 'ஹேஸ் கம்' என்று அட்டவணை சொல்லும். பெரும்பாலும் சரிதான். ஆனால் 'நேற்று வந்திருக்கிறார், என்னிடம் சொல்லவில்லை' என்பது நல்ல தமிழ். 'ஹி ஹேஸ் கம் யெஸ்டர்டே' நல்ல ஆங்கிலம் இல்லை. முடிந்துபோன நாளின் பெயரை அந்த வினையோடு சேர்க்க ஆங்கிலம் இடம் கொடுக்காது. இந்த எல்லைக்கோட்டை எந்தக் கட்டமும் காட்டுவதில்லை. 'ஹேவ், ஹேஸ் கூட வெர்ப் த்ரீ' என்று உருப்போடுவதோடு பாடம் முடிந்துவிடுகிறது.

இத்தனைக்கும் இந்த ஊர் அந்த வேறுபாட்டை அறியாததல்ல. 1962 முதல் மின்சாரம் எடுக்கும் ஊர் இது. அனல்மின் நிலையத்தில் ஒரு பம்பைப் பழுதுபார்க்கப் போகிறவர் பெர்மிட் தாள் இல்லாமல் அதைத் தொடக்கூடாது. 'ஹேஸ் பீன் ஐசலேட்டட்' என்றால் மின்தொடர்பைத் துண்டித்தாகிவிட்டது. 'இஸ் பீயிங் ஐசலேட்டட்' என்றால் துண்டிக்கும் வேலை இன்னும் நடக்கிறது. இரண்டையும் குழப்பினால் போவது மதிப்பெண் அல்ல, உயிர். 'எல்.சி. (லைன் கிளியர்) கொடுத்தாச்சா, கொடுத்துக்கிட்டு இருக்காங்களா?' என்று கேட்கத் தெரிந்தவருக்கு பெர்ஃபெக்ட் டென்ஸின் பொருள் ஏற்கெனவே கைவசம் இருக்கிறது. அதன் ஆங்கில உருவம்தான் தெரிய வேண்டும். அவர் பிள்ளைக்கோ பொருளை விட்டுவிட்டு உருவத்தை மட்டும் கற்றுக்கொடுக்கிறோம்.

இன்னொரு வகைப் பிழையும் உண்டு. 'ஐ ஆம் நோயிங்', 'ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்' போன்றவற்றை 'தமிழில் யோசிப்பதால் வரும் தப்பு' என்று ஆசிரியர்கள் சொல்வார்கள். எந்தத் தமிழர் 'தெரிந்துகொண்டிருக்கிறேன்' என்று யோசிக்கிறார்? 'தெரியும்', 'இருக்காங்க' என்பதோடு முடிந்தது நம் பேச்சு. நடந்துகொண்டிருக்கும் செயலுக்கே நமக்கு 'சாப்பிடறேன்' போதும். ஆக, இந்தப் பிழை வீட்டிலிருந்து வரவில்லை, வகுப்பறையிலிருந்து வந்தது.

1950களில் சென்னை மாநிலம் ஆங்கிலத்துக்கு ஸ்ட்ரக்சுரல் முறையைக் கொண்டுவந்தது. ஆசிரியர் கதவை நோக்கி நடந்தபடியே 'ஐ ஆம் வாக்கிங் டு தி டோர்' என்பார், வகுப்பு திருப்பிச் சொல்லும். அந்தப் பத்தாண்டின் இறுதியில் தொடங்கிய 'மெட்ராஸ் ஸ்னோபால்' திட்டம் 27,000 ஆசிரியர்களுக்கு மறுபயிற்சி தர முனைந்தது. கண்ணுக்குத் தெரியும் செயலைக் காட்டிப் பழக்கும்போது கன்டினியூவஸ்தான் அதிகம் புழங்கும். தெரிவதையும் நம்புவதையும் நடித்துக் காட்ட முடியாதே! அந்தப் பழக்கத்தின் மிச்சத்தைத்தான் இன்றைக்கும் கேட்கிறோம் என்பது என் கணிப்பு.

கேள்வி வாக்கியத்திலும் இதே கதை. 'வேர் யூ ஆர் கோயிங்?' என்பது தமிழ் வழி வந்த தப்பு. நம் 'எங்கே' எந்தச் சொல்லையும் இடம் மாற்றாது. அதைத் திருத்த வினையை முன்னால் தூக்கிப்போடப் பழக்குகிறோம். பிள்ளை நன்றாகவே பழகிவிடுகிறது. 'ஐ டோன்ட் நோ வேர் இஸ் ஹி' என்று தூக்கக்கூடாத இடத்திலும் தூக்கிப்போடுகிறது. முன்னதைப் பயிற்சி தீர்க்கும்; பின்னதை அதே பயிற்சி கூட்டும். சிவப்பு மை இரண்டையும் ஒன்றாகத்தான் சுழிக்கிறது.

மாற்று வழி நம் பக்கத்திலேயே சோதிக்கப்பட்டது. ஆங்கிலக் கல்வி ஆய்வாளர் என்.எஸ். பிரபு 1979 முதல் 1984 வரை பெங்களூரிலும் சென்னையிலும் நடத்திய திட்டத்தில் இலக்கண விதியே பாடமாக இல்லை. ரயில் அட்டவணை, வரைபடம் என்று ஏதாவது கொடுத்துக் கணக்குப்போட வைத்தார்கள். பொருளில் கவனம் இருந்தால் இலக்கணம் தானாகப் படியும் என்பது நம்பிக்கை. 1985இல் வெளியான பெரெட்டா, டேவிஸ் மதிப்பீட்டில் பிரபுவின் வகுப்புகளும் வழக்கமான ஸ்ட்ரக்சுரல் வகுப்புகளும் தத்தம் பாணித் தேர்வில் முந்தின. பொதுவான தேர்வுகளில் பிரபுவின் மாணவர்கள் மேலாக இருந்தார்கள். நல்ல முடிவுதான். ஆனால் அந்த வகுப்பை நடத்த, எதிர்பாராத பதிலுக்கும் உடனே ஆங்கிலத்தில் ஈடுகொடுக்கும் ஆசிரியர் வேண்டும். கரும்பலகையை நம்பிப் பாடம் எடுக்கும் டியூஷன் அக்காவிடம் அதை எதிர்பார்ப்பது நியாயமில்லை.

அந்தச் சிந்தனையின் சாயல் நம் பத்தாம் வகுப்பு ஆங்கிலத் தாளில் ஒரு கேள்வியாக வந்து சேர்ந்திருக்கிறது: வரைபடம் பார்த்து வழி சொல்ல வேண்டும். எண் போட்ட வட்டங்களும் நேர்கோட்டுச் சாலைகளுமாகத் திட்டமிட்டுக் கட்டிய நெய்வேலியைவிட அதற்குத் தோதான ஊர் ஏது? ஆனாலும் 'கோ ஸ்ட்ரெய்ட், டர்ன் லெஃப்ட்' என்று மூன்று வரியை மனப்பாடம் செய்து, எந்தப் படத்துக்கும் அதையே எழுதுகிறார்கள். இதற்காக டென்ஸ் அட்டவணையைக் கழற்ற வேண்டாம். முதல் ஆண்டில் நாலைந்து கட்டங்களோடு நிறுத்தலாம். மீதி நேரத்தில் மெயின் பஜாரிலிருந்து தன் வீட்டுக்கு வழி சொல்லச் சொல்லி, அந்தப் பாதையில் ஒரு சாலையை மூடிவிட்டதாக நடுவில் அறிவிக்கலாம். மனப்பாடம் செய்த மூன்று வரி அங்கே உதவாது.