சந்தாவின் கசலும் தமிழ் வினைமுற்றும்

ஐதராபாத்தின் மாஹ் லகா பாய் சந்தா (1768–1824) இயற்றிய உருதுக் கசல்கள் 1798இல் தொகுக்கப்பெற்றன. பெண்பாற் புலவரின் முதல் திவான் இதுவா, ஓராண்டு முந்திய லுத்ஃபுன்னிசா இம்தியாசின் தொகுப்பா என்னும் வாதம் ஈண்டு வேண்டற்பாலதன்று. மொழிபெயர்ப்பாளர்க்குரிய சிக்கல் வேறு.

உருதுவில் தன்மை வினையும் பெரும்பாலும் பால் காட்டும். கசல் மரபோ, பாடுவோர் பெண்ணாயினும், காதலிப்போர், காதலிக்கப்படுவோர் இருவரையும் ஆண்பாலிலேயே நிறுத்தும். தமிழில் 'வந்தேன்' பால் காட்டாது. மூலத்தின் ஆண் முகமூடி தானே கழன்றுவிடுகிறது. புலவர் பெயரறிந்த வாசகர் அகப்பாடல் தலைவியின் கூற்றாகவே அதனைக் கேட்பர். படர்க்கையிலோ 'வந்தான்', 'வந்தாள்' இரண்டனுள் ஒன்றைத் தேர்ந்தே ஆகவேண்டும். 'வந்தார்' என ஒதுங்குவது நெருக்கத்தைக் கெடுக்கும், கோழைத்தனமும் ஆகும். 'வந்தான்' என்பதே மூல இலக்கணத்திற்கு உகந்தது. ஆயின் பேசுவோனின் ஆண்பால் மறைந்தபின் அஃது வேறொரு காதலாகிவிடுகிறது. முன்னிலைக்கு மாற்றுவது எல்லாவிடத்தும் பொருந்தாது. இறுதி ஈரடியில் அலியை விளிக்குமிடத்து மட்டும் மாற்றமே வேண்டுவதில்லை.