மலை மேல ஒரு சொந்த சர்வர்!

யாரைப் பார்த்தாலும் இதையேதான் சொல்லிக்கிட்டிருக்கேன், இன்னிக்கு நீங்க மாட்டிக்கிட்டீங்க! வெள்ளிமலையில, எங்க வீட்டு அலமாரியில, ஒரு பழைய லேப்டாப் ராத்திரி பகலா ஓடிக்கிட்டிருக்கு. குடும்பத்துப் போட்டோ, வீடியோ, புத்தகம், விக்கிப்பீடியா, எல்லாம் அதுக்குள்ள. மாசக் கட்டணம் கிடையாது, விளம்பரம் கிடையாது, ‘இடம் தீர்ந்துபோச்சு, காசு கட்டு’ங்கிற மிரட்டலும் கிடையாது. அம்மா தேன் பாட்டிலும் கடுக்காயும் வைக்கிற தட்டுக்கு நேர் கீழ்த்தட்டுல ஒரு சர்வர்! நம்புங்க!

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் தாண்டி வளைஞ்சு வளைஞ்சு மேல ஏறி வந்தவங்களுக்குத் தெரியும், ஏற ஏற போன்ல சிக்னல் கோடு ஒண்ணொண்ணா காணாமப் போகும். மழை கொஞ்சம் பலமா அடிச்சா அதுவும் இல்ல. நாம எடுத்த போட்டோவை நாமளே பார்க்க முடியாது, ஏன்னா அது எங்கேயோ தூரதேசத்துல யாரோட கம்ப்யூட்டர்லயோ இருக்கு. அதனாலதான் அடிச்சுச் சொல்றேன், சொந்த சர்வர் வேற யாருக்கு வேணுமோ இல்லையோ, மலைக்காரங்களுக்குக் கண்டிப்பா வேணும். வீட்டு வைஃபை வேலை செய்ய இன்டர்நெட்டே தேவையில்லங்க! ரவுட்டரும் லேப்டாப்பும் உயிரோட இருந்தா போதும், போன் நேரா அதுங்களோட பேசிக்கும். பழைய லேப்டாப்புல இன்னொரு வசதி, பேட்டரி உள்ளேயே இருக்கு, கரண்ட் போனாலும் அசராது. ரவுட்டருக்கு மட்டும் ஒரு சின்ன யுபிஎஸ் வாங்கி மாட்டினேன்.

இனி இமிச்ங்கிற போட்டோ மென்பொருள். இதைப் பத்திப் பேச ஆரம்பிச்சா எனக்கு நிறுத்தத் தெரியாது. 2021 ஜூன் 1-ஆம் தேதியோட கூகுள் போட்டோஸ்ல அளவில்லாத இலவச இடம் முடிஞ்சுபோச்சு, அதுக்கப்புறம் போட்ட படமெல்லாம் 15 ஜிபி கணக்குல ஏற ஆரம்பிச்சுது, ஞாபகம் இருக்கா? அடுத்த வருஷமே, 2022-ல, ஆலெக்ஸ் டிரான்னு ஒருத்தர், பிறந்த குழந்தையோட படங்களைச் சொந்தமா சேர்த்து வைக்கணும்னு எழுத ஆரம்பிச்சதுதான் இந்த இமிச். இன்னிக்கு உலகம் முழுக்க எத்தனையோ பேர் அதுல வேலை செய்யறாங்க, யார் வேணா இலவசமா எடுத்துக்கலாம். போனை வீட்டு வைஃபைல சேர்த்தா படங்கள் தானா வந்து லேப்டாப்புல உக்காந்துக்கும். ஆனா எனக்குப் பைத்தியம் பிடிக்க வச்சது அது இல்ல, முகத்தை அடையாளம் பிடிக்கிற வித்தை! எந்தக் கம்பெனிக்கும் ஒரு படம்கூட அனுப்பாம, அந்தப் பழைய லேப்டாப்பே ஒவ்வொரு படமா பார்த்து, இது யாரு அது யாருன்னு தானே பிரிச்சு வைக்குது.

நெனச்சுப் பாருங்க: வெளியில ஊத்து ஊத்துன்னு மழை, கரண்ட் இல்ல, சிக்னல் இல்ல, சார்ஜர் விளக்கைச் சுத்தி வீடே உக்காந்திருக்கு, நான் போனை எடுத்து ஆயா முகத்துல தொட்டு ‘ஆயா’ன்னு தமிழ்லயே பேர் போடறேன், அவ்வளவுதான், ஒரே நொடியில வரிசையா வந்து கொட்டுது பாருங்க, கல்யாண ஆல்பத்திலிருந்து நான் போன்ல படம் பிடிச்சு ஏத்தின கறுப்பு வெள்ளை ஆயா, அப்பாவை இடுப்புல வச்சிருக்கிற ஆயா, சாமைக் காட்டுல குனிஞ்சு நிக்கிற ஆயா, போன கோடை விழாவுல ஐஸ்க்ரீம் கையில வழிய வழியச் சிரிக்கிற ஆயா, அத்தனையும் அதே ஆயா! நடுவுல கொஞ்சம் படங்களை வேற ஆளுன்னு தனியா வச்சிருந்துச்சு, ஒரு தட்டுல சேர்த்துட்டேன், அதெல்லாம் ஒரு குறையா! ஆயா போனைக் கண்ணுக்குப் பக்கத்துல வச்சுக்கிட்டு, “என் மூஞ்சி அதுக்கு எப்படிடா தெரியும்?”னு கேட்டாங்க. “நம்ம வீட்டுலயே உக்காந்து கத்துக்கிச்சு ஆயா”ன்னேன். எனக்குத் தொண்டை அடைச்சுக்கிச்சு, உடம்பெல்லாம் புல்லரிப்பு, அன்னிக்குத் தூக்கமே வரல, எழுந்து எழுந்து போய் அந்த லேப்டாப் ஃபேன் சத்தத்தைக் கேட்டுட்டு வந்து படுத்தேன்.

கிவிக்ஸைச் சொல்லாம விட்டா பாவம். 2007-லிருந்து இருக்கிற மென்பொருள், முழு விக்கிப்பீடியாவையும் ஒரே கோப்பா இறக்கி வச்சுக்கலாம். 2003-ல ஆரம்பிச்சு 2017-ல லட்சம் கட்டுரையைத் தாண்டின நம்ம தமிழ் விக்கிப்பீடியா, வெள்ளிமலையில இன்டர்நெட் இல்லாம திறக்குது சார்! பக்கத்து வீட்டுப் பசங்க பாடத்துக்குத் தேட எங்க திண்ணைக்கு வர்றாங்க, வைஃபை பாஸ்வேர்டு அவங்களுக்கு மனப்பாடம். புத்தகத்துக்கு காலிபர், 2006-லிருந்து கோவித் கோயல்ங்கிற நம்ம நாட்டுக்காரர் எழுதறது. ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ் தளத்துல இலவசமா கிடைக்கிற மின்னூல்களைக் கீழ டவுனுக்குப் போறப்போ அள்ளிக்கிட்டு வந்து அதுல போட்டுட்டேன். வீடியோவுக்கு ஜெல்லிஃபின்ங்கிற மென்பொருளைப் போட்டப்புறம், கரியாலூர் படகுத்துறையிலயும் மேகம் அருவியிலயும் நான் எடுத்த வீடியோவெல்லாம் டிவியில படம் மாதிரி போஸ்டரோட வரிசையா நிக்குது!

கஷ்டமான்னு கேக்காதீங்க. டாக்கர்ங்கிற மென்பொருளைப் போட்டுக்கிட்டு ரெண்டு கோப்பை எடுத்து வச்சு ஒரு கட்டளை அடிச்சா இமிச் எழுந்து நிக்கும். தமிழ்லயே படிக்கணும்னா 2012-லிருந்து கணியம் இதழ் கட்டற்ற மென்பொருளைப் பத்தி எழுதிக்கிட்டே வருது, பக்கத்து விழுப்புரத்துல கட்டற்ற மென்பொருள் குழு கிராமத்துப் பிள்ளைகளுக்கு இதெல்லாம் காசு வாங்காம சொல்லித்தருது. ஒண்ணே ஒண்ணு, ஹார்ட் டிஸ்க் பழுதானா பொறுப்பு நம்மளோடது. அதனால எல்லாத்துக்கும் இன்னொரு நகல் எடுத்து, கள்ளக்குறிச்சியில மாமா வீட்டு பீரோவுல பூட்டி வச்சிருக்கேன்.

அடுத்தது நெக்ஸ்ட்கிளவுட்! 2010-ல ஓன்கிளவுடை ஆரம்பிச்ச ஃபிராங்க் கார்லிட்செக்கே 2016-ல பிரிஞ்சு வந்து தொடங்கினது. காலண்டர், கோப்பு, முகவரிப் புத்தகம், எல்லாம் ஒரே இடத்துல. அப்பா நோட்டுல எழுதி வச்சிருக்கிற சாமை, தினை விதைப்புத் தேதியெல்லாம் அந்தக் காலண்டர்ல ஏத்தி, வீட்டுல எல்லார் போன்லயும் வர வைக்கப் போறேன். நோட்டை வாங்கியாச்சு, இன்ஸ்டால் ஓடிக்கிட்டிருக்கு, நான் போய்ப் பார்த்துட்டு வர்றேன்!